ஷட்டர் இறங்குகிறது, ஏற மாட்டேன் என்கிறது: மோட்டாரை மாற்றும் முன்

கேள்வி: வேளச்சேரியில் தனி வீடு. கார் நிறுத்தும் இடத்துக்கு 10 அடி அகலம், 8 அடி உயரத்தில் மோட்டார் ஷட்டர் போட்டு ஆறு வருடம் ஆகிறது. பக்கவாட்டில் மோட்டார், கைச்சங்கிலி தொங்கும் மாடல். இறங்கும்போது தொல்லை இல்லை. ஏற்றினால் ஒன்றிரண்டு அடி போய் உறுமிக்கொண்டே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டுப் போட்டால் சில நாள் ஏறுகிறது. ரிமோட்டும் ஷட்டர் பக்கத்தில் போனால்தான் எடுக்கிறது. வந்து பார்த்தவர் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு மோட்டாரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். இறங்கும்போது தகட்டின் எடையே இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஏறும்போதுதான் மோட்டாருக்கு உண்மையான வேலை. ஆகவே தூக்கும் பலம் குறைந்திருக்கிறதா, இல்லை தூக்க வேண்டிய பாரம் கூடியிருக்கிறதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கைச்சங்கிலி போதும்.

ஷட்டரை முழுக்க இறக்கி, எம்.சி.பி.யை (மின் பலகையில் ஷட்டருக்கான சுவிட்ச்) அணைத்துவிட்டுக் கைச்சங்கிலியால் மெதுவாக மேலே ஏற்றுங்கள். அடியிலிருந்து உச்சி வரை ஒரே சீராக வர வேண்டும். எங்கே இறுகுகிறதோ அங்கே சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரும் அதே உயரத்தில்தான் திணறுகிறது என்றால் கோளாறு பக்கவாட்டு கைடு சேனலில், அதாவது தகட்டின் ஓரம் ஏறி இறங்கும் பள்ளத்தில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் நின்ற வீடுகளில் சேனலின் கடைசி ஓரடியில் வண்டல் இறுகி, தகட்டின் ஓரம் துருவேறியிருக்க வாய்ப்பு அதிகம். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். சேனலுக்குள் கிரீஸ் வேண்டவே வேண்டாம். தெருப்புழுதி ஒட்டி இன்னும் இறுகும். கிரீஸ், மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவே ஓடும் செயினுக்கு மட்டும்.

கைச்சங்கிலி கடைசி வரை லேசாக வந்தால், பெரும்பாலும் குற்றவாளி கண்டென்சர் (கெபாசிட்டர்), மோட்டார் சுற்ற உந்துதல் தரும் பாகம். சிங்கிள் பேஸ் மோட்டாரில் இது வலுவிழந்தால் முறுக்கு விசை குறைந்துவிடும். மோட்டார் உறுமும், சுற்றாது. சுற்றாமல் மின்சாரத்தை மட்டும் இழுப்பதால் சூடேறும். சூடு எல்லை தாண்டினால் உள்ளே இருக்கும் தெர்மல் கட்-அவுட் துண்டித்துவிடும், உறுமலும் அடங்கிவிடும். அரை மணி நேரத்தில் ஆறியதும் மறுபடி இணையும். உங்கள் ஷட்டர் 'சில நாள்' ஏறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கண்டென்சரைக் கழற்றும் முன் எம்.சி.பி. அணைந்திருப்பதை டெஸ்டரில் உறுதி செய்யுங்கள். மின்சாரம் போன பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். பழைய குண்டு பல்ப் மாட்டிய ஹோல்டரின் இரண்டு வயரையும் கண்டென்சரின் இரு முனைகளில் சில விநாடி வைத்தால் இறங்கிவிடும். ஒரு முனையின் வயரைக் கழற்றிவிட்டு, கெபாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். மேலே 20 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்து மீட்டர் 18-க்குக் கீழே காட்டினால் மாற்ற வேண்டியதுதான். உடம்பு உப்பியிருந்தால் அளக்கக்கூட வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் அதே மதிப்பு, 440 அல்லது 450 வோல்ட் ஏ.சி. என்று கேட்டு வாங்குங்கள். பலம் கூடும் என்று பெரிய மதிப்பைப் போட்டால் மோட்டாரின் கம்பிச் சுற்று (காயில்) சூடாகிக் கருகும்.

மின்னழுத்தத்தையும் பாருங்கள். விடியற்காலையில் சுலபமாக ஏறி, தெருவே ஏ.சி. போடும் இரவு ஒன்பது மணிக்குத் திணறினால் காரணம் அதுதான். ஷட்டர் ஏறிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் முனையில் அளக்க வேண்டும். சும்மா நிற்கும்போது காட்டும் 230-ஐ நம்பக் கூடாது. முறுக்கு விசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 190 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். போர்டிலிருந்து மெல்லிய வயர் வெகுதூரம் ஓடினாலும் இப்படித்தான், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்துவிடுங்கள்.

இன்னொன்று: ஒவ்வொரு முறையும் அங்குலம் பிசகாமல் ஒரே இடத்தில், உறுமலே இல்லாமல் நின்றால் அது லிமிட் சுவிட்ச், ஷட்டர் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது. திருத்திக்கொள்ளலாம்.

மோட்டார் நிஜமாகவே போய்விட்டதா என்று அறிய, கண்டென்சரையும் மோட்டார் வயர்களையும் பிரித்துவிட்டு, காமன் வயருக்கும் ஏற்றும் வயருக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். பிறகு காமனுக்கும் இறக்கும் வயருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ, பாடியில் ஷாக் அடித்தாலோ மாற்றச் சொன்னவர் சொன்னது சரி. பாதியில் நிறுத்திய ஷட்டர் தானாகக் கீழே நழுவினால் பிரேக் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை யாரும் அடியில் போக வேண்டாம். யார் வேலை செய்தாலும், ஷட்டர் மேலே சுருண்டிருக்கும்போது மோட்டாரையோ செயினையோ கழற்ற விடாதீர்கள். பிடிப்பு போனால் மொத்தத் தகடும் ஒரே வீச்சில் தலைமேல் வந்து விழும்.

ரிமோட்டுக்கு முதலில் பேட்டரி. பலவற்றில் 12 வோல்ட், 27ஏ அல்லது 23ஏ ரகம் இருக்கும். மூடியைத் திறந்து பார்த்து அதையே போடுங்கள். மாற்றியும் தூரம் கூடவில்லை என்றால் ரிசீவர் பெட்டியைத் திறவுங்கள். 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவருக்கு ஆன்டெனா, சுமார் 17 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒற்றை வயர். அது பெட்டிக்குள் சுருண்டோ இரும்புத் தகட்டில் ஒட்டியோ கிடந்தால் சிக்னல் எடுக்காது. வெளியே எடுத்து நேராகத் தொங்கவிடுங்கள். பக்கத்தில் மலிவு எல்.இ.டி. பல்ப் எரிந்தால் அணைத்துவிட்டு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அதனுள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் கிளப்பும் மின் இரைச்சலும் ரிமோட்டின் தூரத்தைக் குறைக்கும்.