குதிரை ஏறிப் பழகுகிறவருக்கு எலும்பும் தசையும் பற்றிய அறிவு எதற்கு?

"குதிரையின் எலும்பு, மூட்டு, தசை எல்லாம் மிருகவைத்தியர் படிக்கவேண்டிய பாடம். ஏறி ஓட்டுகிறவனுக்கு அதனால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு குதிரையை ஒரு மாதம் அநியாயமாக நோகடிக்கும் வரை.

வளைகுடா நாட்டில் குதிரை லாயத்தில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிய நேரம். கோப்பாய்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் பெண் குதிரை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பழக்கித் தரச் சொன்னார். மெதுவாக நடக்கும்போது தங்கமான குதிரை. கொஞ்சம் வேகம் கேட்டால் போதும், முன்னங்காலைக் குறுக்கிக் குறுக்கி வைப்பாள். வயிற்று வாரை இறுக்கப் போனால் காதை மடக்கிக் கடிக்கத் திரும்புவாள். சரியான கள்ளி என்று முடிவுகட்டி, குதிகாலால் உதைத்து உதைத்து ஓட்டினேன்.

ஒருநாள் பெரியப்பா பார்க்க வந்தார். அந்தக் காலத்தில் சவாரி மாடு வளர்த்தவர், குதிரையைத் தொட்டதே இல்லை. அவர் குதிரையைப் பார்க்கவில்லை, மணலில் கிடந்த தடத்தைத்தான் பார்த்தார். "தம்பி, பின்னங்கால் முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழேல்லை, பாத்தியே? முன்னுக்கு எங்கேயோ பிடிக்குது." சேணத்தைக் கழற்றிவிட்டு வெறும் முதுகோடு நடத்திப் பார்த்தோம். பின்குளம்பு நாலு விரல் தாண்டி விழுந்தது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. நமக்கு நெஞ்சையும் தோளையும் இணைக்கிற காறையெலும்பு குதிரைக்கு இல்லை. முன்னங்கால்கள் உடம்போடு மூட்டால் பொருந்தியிருக்கவில்லை. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் நெஞ்சுக்கூடு தசைகளில் தொட்டில் போலத் தொங்குகிறது. கால் முன்னே எட்டி வைக்கும்போது தோள்பட்டையின் மேல்முனை பின்பக்கம் சரியும். நான் சேணத்தை அந்த முனைக்கு மேலேயே ஏற்றி வைத்திருந்தேன். அவள் எட்டி வைத்த ஒவ்வொரு முறையும் எலும்பு சேணத்தில் போய் இடித்திருக்கிறது.

இதை நீங்களே பார்க்கலாம். தோள்பட்டைக்குப் பின்னால் சேணத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வேறொருவரைக் குதிரையை நடத்தச் சொல்லுங்கள். எலும்பு வந்து விரல்களை நெரித்தால் சேணம் முன்னுக்கு இருக்கிறது. என் விரல்களை நன்றாகவே நெரித்தது. பின்பக்கமும் ஒரு எல்லை உண்டு. குதிரைக்கு 18 சோடி விலா எலும்புகள். கடைசி விலாவுக்குப் பின்னால் சேணத்தின் பாரம் போகக்கூடாது, அதற்குப் பிறகு தாங்க அடியில் கூடு இல்லை.

அடுத்தது நேரம். குதிரை நடக்கும்போது இடது பின்னங்கால் தரையை விட்டு முன்னே வரும் கணத்தில் வயிறு வலப்பக்கம் ஊசலாடும், உங்கள் இடது இடுப்பு சற்றே கீழே இறங்கும். அந்தக் கணத்தில் இடது காலால் லேசாக ஒரு தொடுகை கொடுத்தால் பின்னங்கால் இன்னும் எட்டி வரும். கால் ஊன்றி நிற்கும்போது உதைத்தால் அதனால் எதுவும் செய்ய முடியாது, பாரம் முழுக்க அதன்மேல் நிற்கிறது. வளைகுடாவில் எனக்குப் பழக்கியவர் கண்ணை மூடச் சொல்லி "இப்போது எந்தக் கால்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மூன்று வாரம் பிழையாகவே சொன்னேன். இடுப்புக்குப் பிடிபட்ட பிறகு, உதைக்கவேண்டிய தேவை அநேகமாக இல்லாமல் போனது.

கோயில் வேட்டைத் திருவிழாவில் குதிரை வாகனம் பார்த்திருப்பீர்கள். மடக்கித் தூக்கிய முன்னங்காலில் முழங்கால் என்று நாம் நினைக்கிற இடம் உண்மையில் நமது மணிக்கட்டுக்குச் சமம். பின்னங்காலில் பின்னுக்குத் துருத்திக்கொண்டு நிற்பது குதிகால். குளம்பு, நடுவிரலின் நகம். மணிக்கட்டுக்குக் கீழே ஓட்டத்துக்கு உதவும் தசை கிடையாது, தசையை எலும்போடு பிணைக்கும் நீண்ட தசைநாண்கள்தான். அவை அறுந்தால் ஆற மாதக்கணக்காகும். தலையும் கழுத்தும் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் உடல் எடையில் ஏறக்குறைய 60 வீதம் வேறு முன்னங்கால்களில் விழுகிறது. ஆகவே காரைநகர் கசூரினாக் கடற்கரையில் குதிரையைப் பறக்கவிட்டுப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள், ஈரம் ஊறி இறுகிய மணலிலேயே ஓட்டுங்கள். கால் புதையும் மணலில் அந்த நாண்கள் படும் பாடு அதிகம்.

வயதைப் பற்றியும் ஒன்று. மூன்று வயதில் முழுக் குதிரை மாதிரித் தெரியும், ஆனால் முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதிகள்) மூட ஐந்தரை, ஆறு வயதாகும். அவசரப்பட்டுப் பாரம் ஏற்றவேண்டாம். நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைப் போய்ப் பாருங்கள். யாரும் ஏறாத முதுகு எப்படி இருக்கும், தலையைத் தாழ்த்தி மேயும்போது அது எப்படி மேலெழும்பும் என்று அங்கே தெரியும். கடிவாளத்தை இழுத்துத் தலையை உயர்த்தினால் இதற்கு நேரெதிராக முதுகு குழியும்.

கோப்பாய்க் குதிரைக்குச் சேணத்தை ஒரு சாண் அல்ல, மூன்று விரல் அளவுதான் பின்னுக்குத் தள்ளினேன். இரண்டு கிழமையில் நடை நீண்டுவிட்டது. வாரை இறுக்கும்போது மட்டும் இன்றைக்கும் ஒருமுறை காதை மடக்கித் திரும்பிப் பார்ப்பாள். நான் வாரை விட்டுவிட்டு, காது நிமிரும் மட்டும் நின்று, பிறகு இறுக்குவேன்.