கணினியில் சாலிடேர் என்ற ஒற்றை ஆள் சீட்டாட்டத்தை ஆடுவது எப்படி? எனக்கு மட்டும் ஏன் பாதியிலேயே மாட்டிக்கொள்கிறது?

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு விண்டோஸுடன் வந்த பழைய சாலிடேரில் ஏழு வரிசை இருக்கும். முதல் வரிசையில் 1 சீட்டு, கடைசியில் 7, ஆக மொத்தம் 28. ஒவ்வொரு வரிசையிலும் மேல் சீட்டு மட்டும்தான் திறந்திருக்கும். மீதி 24 சீட்டு இடது மூலையில் ஒரு கட்டாக இருக்கும். வரிசைகளில் சிவப்பு, கறுப்பு என்று மாற்றி மாற்றி இறங்குமுகமாக அடுக்க வேண்டும். மேலே உள்ள நாலு இடங்களில் ஏஸில் தொடங்கி ராஜா வரை ஒரே இனமாக ஏற்ற வேண்டும். காலி வரிசையில் ராஜாவை மட்டும் வைக்கலாம். அவ்வளவுதான்.

மாட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் கவிழ்ந்து கிடக்கும் 21 சீட்டுகள். அவற்றைத் திறப்பதுதான் ஆட்டமே. உதாரணமாக, இரண்டாம் வரிசையில் ஆர்ட்டின் 9, ஆறாம் வரிசையில் டைமண்ட் 9. இரண்டையும் வைக்க ஒரே ஒரு கறுப்பு 10 இருக்கிறது. எதை நகர்த்துவீர்கள்? பலரும் இரண்டாம் வரிசையைத்தான் தொடுவார்கள், சீக்கிரம் காலியாகும் என்று. கையில் ராஜா இல்லாமல் காலி செய்த வரிசை சும்மா கிடக்கும். ஆறாம் வரிசையில் அடியில் ஐந்து சீட்டு அடைபட்டிருக்கிறது. அதைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

அப்புறம், எல்லாச் சீட்டையும் அவசரமாக மேலே ஏற்றாதீர்கள். ஏஸும் 2-ம் உடனே போகலாம். ஆனால் கிளாவர் 6-ஐ ஏற்றிவிட்டால், பிறகு வரும் சிவப்பு 5 உட்கார இடம் இருக்காது. நான் கையில் வந்த பல ஆட்டங்களை இப்படித்தான் இழந்தேன்.

கட்டிலிருந்து மூன்று மூன்றாக எடுக்கும் முறையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 24 சீட்டை எட்டுத் தடவையில் புரட்டி முடிப்பீர்கள். நடுவில் ஒன்றை எடுத்தால் போதும், அடுத்த சுற்றில் அதற்குப் பின்னால் உள்ள சீட்டுகள் வரும் ஒழுங்கு மாறி, ஒளிந்திருந்தவை மேலே வரும். அதனால் முதல் சுற்றில் எதையும் தொடாமல் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

புதிதாகக் கற்பவர் என்றால் ஒற்றைச் சீட்டு முறையில் தொடங்குங்கள். என் அம்மாவுக்கு மவுஸ் பிடித்து இழுக்கச் சொல்லிக்கொடுத்ததே இந்த ஆட்டத்தில்தான். தப்பாக நகர்த்திவிட்டால் கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள், பழைய இடத்துக்கே திரும்பும். சில ஆட்டங்கள் என்ன செய்தாலும் முடியாது. அப்போது தயங்காமல் புதிதாகக் கலைத்துப் போடுங்கள்.