டெல்டா கிராமத்தில் குடியேறினால் வசதிகள் போதுமா?

சென்னையிலிருந்து திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குக் குடும்பத்தோடு வந்துவிடலாமா, அங்கே அடிப்படை வசதிகள் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில், நெல்லை விட்டால் வேறு பெரிய வருமானம் இல்லாத ஓர் ஊரில் வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பட்டியல் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய எல்லா வசதியும் இங்கே உண்டு. ஆனால் அவற்றை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள் என்பதால், எது எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருப்பவருக்கே அவை பயன்படும்.

எங்கள் ரேஷன் கடை பகுதி நேரக் கடை. வாரத்தில் சில நாள்தான் திறந்திருக்கும். கிராம நிர்வாக அலுவலர் பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்ப்பதால், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலில் கையெழுத்து வாங்க முதலில் தொலைபேசியில் பேசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாகிவிட்ட இந்தப் பகுதிக்குக் கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீர்தான் ஆதாரம், அது காலையில் வரும்போதே பிடித்து வைத்துவிட வேண்டும். நகரப் பேருந்தில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பெரிய உதவி. ஆனாலும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் அன்றைய கூலியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை ஆகியவற்றில் குறை சொல்ல முடியாது, கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாக வந்துவிடுவார். இரவில் நெஞ்சு வலித்தாலோ, தண்ணீர் பாய்ச்சப் போனவரைப் பாம்பு கடித்தாலோ 108-ஐ அழைத்துவிட்டு, அது வரும் வரை காத்திருக்காமல் கார் வைத்திருக்கும் யாரையாவது எழுப்பி எதிர்கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம்.

வசதி என்றவுடன் நகரத்தவர் நினைக்காத ஒன்று, விவசாயிகளிடம் அரசு நெல் வாங்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையம். எங்களுக்கு வங்கியைவிட முக்கியமான இடம் அதுதான். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறந்தால் குறுவை என்ற குறுகிய காலச் சாகுபடி நம்பிக்கையோடு தொடங்கும். 2024-இல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தார்கள். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர் சமாளிப்பார், வாய்க்காலின் கடைசியான கடைமடையில் ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர் குறுவையை விட்டுவிட்டு, அடுத்த நீண்ட காலச் சாகுபடியான சம்பாவுக்கு நேராகப் போக வேண்டியதுதான். குறுவை அறுவடையோ சரியாக வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வந்து நிற்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதால், அந்த நாட்களில் ஊரின் தார்ச்சாலையில் பாதி நெல்லுக்குத்தான். பெண்கள் காலால் கோடு கிழித்துக் கிளறிக்கொண்டே வருவார்கள். மேகம் கருத்ததும் தெருவே ஓடிவந்து குவித்துத் தார்ப்பாய் போடும். வெயில் அடித்ததும் மறுபடி விரிக்கும். கொள்முதல் நிலைய வளாகத்தில் மூட்டை நகராமல் தேங்கிவிட்டால் எடை போடுவதும் நின்றுவிடும், குவியலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக் காவல் இருக்க வேண்டும். ஈரப்பத வரம்பில் தளர்வு கேட்டு மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதுவதும், அங்கிருந்து குழு வந்து பார்ப்பதும் பல ஆண்டுகளாக நடக்கிறது. உலர்த்தும் இயந்திரமும் கூரையிட்ட களமும் ஊருக்கு ஊர் இருந்தால் இந்தக் கடிதப் போக்குவரத்துக்கே பெரிதாகத் தேவை இருக்காது என்பது என் கருத்து.

பள்ளியைப் பொறுத்தவரை, தொடக்கப் பள்ளி ஊரிலேயே இருக்கிறது, காலை உணவும் மதிய உணவும் கிடைக்கின்றன. மேற்படிப்புக்கு மன்னார்குடிதான். கேபிள் நடத்துபவர் ஃபைபர் இணைப்புக் கொடுத்துவிடுகிறார், வீட்டிலிருந்து வேலை பார்க்க அது போதும். மின்சாரத்துக்கு மட்டும் நல்ல இன்வெர்ட்டர் வாங்கிவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வாடகை வீடு என்று பலகை தொங்காது; உறவுக்காரர் யாராவது உங்களுக்காகப் பேச வேண்டும்.

பொங்கலுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். தை மாதத்தில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசியில் வந்து ஒரு வாரம் தங்கி, மழை நாளில் பேருந்து ஊருக்குள் வருகிறதா, கழிவறையில் தண்ணீர் இறங்குகிறதா, கைப்பேசிக் கோபுரம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.