இனாகதாத்தே: நெற்பயிரில் ஓவியம், மண்ணில் காலடித்தடம் – கேள்வி பதில்

ஜப்பானில் வயலுக்கே பெயின்ட் அடித்துப் படம் வரைகிறார்களாமே, நிஜமா அண்ணா?

பெயின்ட் ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஹொன்ஷு தீவின் வடகோடியில், அவோமோரி மாநிலத்தில் இருக்கும் இனாகதாத்தே கிராமத்து வேலை அது. இலை நிறம் வேறுவேறான நெல் ரகங்கள்தான் வண்ணம். பச்சைக்கு 'த்சுகாரு ரோமன்' என்ற உள்ளூர் ரகம். மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் பழங்கால ரகங்கள். நாற்றைக் கையால் நட்டால், பயிர் வளர வளரப் படம் தெளியும். 1993-ல் இவாகி மலையின் எளிய படத்தோடு ஆரம்பித்தார்கள்.

தரையில் நின்று நடும்போது படம் கோணாமல் வருவது எப்படி?

முதலில் கோணத்தான் செய்தது. 2003-ல் மோனலிசாவை நட்டார்கள். பார்ப்பது பக்கத்திலுள்ள ஊராட்சி அலுவலகக் கோபுரத்திலிருந்து (கோட்டை மாதிரி கட்டிய அலுவலகம், அது தனிக்கதை). அங்கிருந்து பார்த்தால் கிட்டே இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரியுமில்லையா? அம்மணி கீழ்ப்பாதி பருத்துப் போய்த் தெரிந்தார்! அதற்கப்புறம் தூரப் பகுதியை வேண்டுமென்றே நீட்டி வரைந்து, அந்தக் கணக்குப்படி வயலில் குச்சி நட்டு அடையாளம் வைக்கிறார்கள்.

இவ்வளவு கூட்டம் வந்தால் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கலாமே சார்?

போட்டார்கள். 2008-ல் படத்துக்குக் கீழே நிறுவனச் சின்னங்களை நட்டார்கள். எதிர்ப்பு கிளம்பவே, அந்த நாற்றைப் பிடுங்கிவிட்டார்கள்.

படம் தவிர அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது ஐயா?

எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். என்னைக் கேட்டால் அங்குள்ள தாரேயனகி என்ற அகழாய்வு இடத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். யாயோய் காலத்து (ஜப்பானில் நெல் விவசாயம் பரவிய பழங்காலம்) நெல் விவசாயம் இவ்வளவு வடக்கே எட்டவில்லை என்றுதான் அறிஞர்கள் பலரும் நம்பியிருந்தார்கள். 1981-ல் அங்கே தோண்டியபோது, சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தைய வயல்கள் வரப்போடு கிடைத்தன. மொத்தம் 656 பாத்திகள். பெரும்பாலானவை ஓர் அறை அளவுகூட வராது. அந்தச் சேற்றில் நடந்தவர்களின் காலடித்தடங்களும் அப்படியே இருந்தன. வெள்ளம் கொண்டுவந்த மணல் மூடியதால் தப்பித்த தடங்கள் அவை. இன்று அது தேசிய வரலாற்றுச் சின்னம்.

எப்போது போகலாம்?

நடவு மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை படம் நன்றாகத் தெரியும். கோனான் ரயில் பாதையில் 'தம்போ ஆர்ட்' (வயல் ஓவியம்) என்றே ஒரு நிலையம் உண்டு, 2013-ல் திறந்தது. குளிர்காலத்தில் அங்கே ரயில் நிற்காது. வயல் முழுக்கப் பனிதான்.