குட்டி போட்ட நாய் பதற்றமாக அலைகிறது: ஹார்மோன்தான் காரணமா?

கேள்வி: எங்கள் பொமரேனியன் ஐந்து குட்டி போட்டு 16 நாள் ஆகிறது. இன்று காலையிலிருந்து மூச்சிரைக்கிறது, ஓரிடத்தில் படுக்கவில்லை, குட்டிகளை விட்டு விலகி அலைகிறது. “பிரசவ ஹார்மோன், தானாகச் சரியாகிவிடும்” என்கிறார்கள். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். இப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். சின்ன இனம், நிறையக் குட்டிகள், பால் உச்சத்தை நெருங்கும் மூன்றாவது வாரம், திடீர்ப் பதற்றம். இத்தனையும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்தத்தில் கால்சியம் இறங்குவதால் வரும் எக்லாம்ப்சியா.

ஹார்மோன் ஆட்டம் பெரும்பாலும் பிரசவத்தை ஒட்டியே நடந்து முடிந்துவிடும். குட்டி போடுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பு, சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சரியும். அப்போதும் அடுத்த ஓரிரு நாளும் தாய் தரையைப் பிறாண்டும், குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாற்றும். பிறகு குட்டிகள் பால் குடிக்கக் குடிக்க ஆக்சிடோசினும் புரோலாக்டினும் சுரக்கும். இவை தாயின் பயத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கின்றன. பாலூட்டும் எலிகளிடம் குட்டிகளைச் சில மணி நேரம் பிரித்து வைத்தாலே அந்த அமைதி கலைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் நலமாக இருக்கும் தாயிடமிருந்து குட்டிகளை எடுத்து வந்தவர்களிடமெல்லாம் காட்டுவதை முதல் இரண்டு வாரமாவது நிறுத்துங்கள். சிசேரியன் ஆன நாய்க்கு இந்த ஹார்மோன் தூண்டல் குறைவு. மயக்கம் முழுதாகத் தெளியும்வரை அதைக் குட்டிகளோடு தனியே விடக்கூடாது, கடித்துவிடக்கூடும்.

உங்கள் நாயின் விஷயம் வேறு. பாலில் வெளியேறும் கால்சியத்தை எலும்பிலிருந்தும் உணவிலிருந்தும் அதே வேகத்தில் ஈடுகட்ட முடியாதபோது, நரம்புகள் தூண்டலே இல்லாமல் தாமாகத் துடிக்கத் தொடங்கும். மூச்சிரைப்பும் அமைதியின்மையும் ஆரம்பம்தான். அடுத்து எச்சில் வழியும், முகத்தைத் தரையில் தேய்க்கும், கால்கள் விறைத்து நடை கட்டையாகும். பிறகு நடுக்கம், வலிப்பு. தசைகள் ஓயாமல் துடிப்பதால் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும்.

கிளம்பும்முன் குட்டிகளைத் தாயிடமிருந்து விலக்குங்கள். வழியில் பால், கால்சியம் சிரப் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விறைத்திருக்கும் நாய்க்குப் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். உடம்பு கொதித்தால் ஈரத்துணியால் துடையுங்கள், ஐஸ் வேண்டாம்.

மருத்துவர் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட்டை, கிலோவுக்கு 0.5 முதல் 1.5 மில்லி என்ற கணக்கில், 10 முதல் 30 நிமிடம் எடுத்து மெதுவாக ரத்தக்குழாயில் ஏற்றுவார். இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டும், வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடக்கூடும். வீட்டில் ஊசி போட்டுப் பார்க்கும் வேலையே கூடாது. சரியாக ஏறினால் மருந்து போகும்போதே நடுக்கம் அடங்குவது கண்ணுக்குத் தெரியும்.

அதன்பின் 12 முதல் 24 மணி நேரம் குட்டிகளுக்கு நாய்க்குட்டிப் பால்மாவைக் கரைத்துப் புட்டியில் கொடுங்கள். மறுபடி தாயிடம் விடுவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். திரும்பவும் நடுக்கம் வந்தால் பால் மறக்கடிக்க வேண்டியதுதான். தாய்க்குக் குட்டி நாய்களுக்கான தீவனமே நல்லது, வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். வெறும் தயிர்சாதத்தில் பாலூட்டும் நாய் தாங்காது.

பரிசோதனையில் கால்சியம் சரியாக இருந்தால் கருப்பைத் தொற்றையும் மடி வீக்கத்தையும் பார்ப்பார்கள். நாற்றமடிக்கும் கசிவு, சிவந்து சூடான மடி இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சினையாக இருந்தபோது கால்சியம் மாத்திரை கொடுத்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். நம் வீடுகளில் அன்பினாலேயே செய்கிற தவறு அது. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் பாராதைராய்டு சுரப்பி மந்தமாகிவிடும், பால் சுரக்கும் நேரத்தில் எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கத் தெரியாமல் திணறும். ஒருமுறை இது வந்த நாய்க்கு அடுத்த ஈற்றிலும் வர வாய்ப்பு அதிகம். அப்போது கால்சியத்தைக் குட்டி போட்ட பிறகு, மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் ஆரம்பியுங்கள்.