ஓடியவர்களும் நின்றவர்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மேலூர்க்காரன். மதுரையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் பெரியப்பா 1990-இல் குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். போன மாதம் ஊர்த் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது போர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "குவைத்துக்காரன் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை, ராஜா ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டான்" என்று மாமா ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவ்வளவு பணம் வைத்திருந்த நாடு ஒரே நாளில் எப்படி விழுந்தது? உண்மையிலேயே யாரும் எதிர்த்து நிற்கவில்லையா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

அந்தச் சிரிப்புக்கு நடுவே உங்கள் பெரியப்பாவால் உட்கார்ந்திருக்க முடியாது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே இருந்த எவராலும் முடியாது.

முதலில் தூரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் ஆகிய நான்கு மாவட்டங்களையும் சேர்த்தால் வரும் பரப்பைவிடக் குவைத் கொஞ்சம்தான் பெரியது. ஈராக் எல்லையிலிருந்து தலைநகருக்கு, மதுரையிலிருந்து ராமநாதபுரம் போகிற தூரம். நடுவில் ஆறு கிடையாது, காடு கிடையாது. முத்லா என்ற மேடு ஒன்றைத் தவிர எல்லாம் தட்டையான மணல். அதன்மேல் ஆறு தடங்களில் அருமையான நெடுஞ்சாலை. அந்தச் சாலையில் டாங்கிக்கு நகரம் சில மணி நேரப் பயணம்தான்.

எதிரி அந்நியனும் இல்லை. ஈரானோடு ஈராக் எட்டு ஆண்டுகள் போரிட்டபோது கோடி கோடியாகக் கடன் கொடுத்துத் தாங்கிய நாடு குவைத். 1988-இல் போர் முடிந்தபோது கடனைத் திருப்பித் தர ஈராக்குக்கு வழியில்லை, மனமும் இல்லை. குவைத் அளவுக்கு மேல் எண்ணெய் இறைத்து விலையைக் கெடுக்கிறது, ருமைலா எண்ணெய் வயலில் திருடுகிறது என்று ஈராக் அதிபர் சதாம் உசேன் வெளிப்படையாகவே மிரட்டத் தொடங்கினார். 1990 ஜூலை கடைசிக்குள் எல்லையில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஈராக்கிய வீரர்கள் வந்து குவிந்துவிட்டார்கள். குவைத்தின் மொத்தப் படையே சுமார் இருபதாயிரம் பேர்.

இந்த ஜூலையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப்பார்க்கிறேன். குவைத் அரசு முதலில் படையை உஷார்ப்படுத்தியது. பிறகு அண்ணன் தம்பிச் சண்டையை ஊதிப் பெரிதாக்க வேண்டாம் என்று அதைத் தளர்த்தியது. பேச்சுவார்த்தை முடியும்வரை படையை ஏவ மாட்டோம் என்று எகிப்து அதிபர் முபாரக்கிடம் சதாம் சொல்லியிருந்தார். சவூதியின் ஜித்தாவில் பேச்சு நடந்தது, முறிந்தது. இன்னொரு சுற்று இருக்கும் என்று நம்பினார்கள். பணம் கேட்கிறான், கொஞ்சம் கொடுத்தால் போய்விடுவான் என்று எண்ணினார்கள். மின்னல் வேகப் படையெடுப்பு என்கிறோமே, அந்த வேகத்தில் பாதி, தாக்கப்படுகிறவன் இப்படி நம்பிக் கழித்த நாட்களிலிருந்து கிடைக்கிறது. குவைத் அரசின் குற்றம் இதுதான். இதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை, விடியற்காலை இரண்டு மணி வாக்கில் ஈராக்கின் சிறப்புப் படையான குடியரசுக் காவற்படை எல்லையைத் தாண்டியது. அதே நேரத்தில் ஹெலிகாப்டர்களில் கமாண்டோக்கள் நகரத்துக்குள்ளேயே இறங்கினார்கள். இலக்குகளைக் கவனியுங்கள்: அரண்மனை, அமைச்சகங்கள், விமான நிலையம், வானொலி, மத்திய வங்கி. படை முழுவதையும் அழிப்பது இவர்கள் வேலை இல்லை. ஆணையிடுகிற வாயை அடைத்துவிட்டால், ஆணை வராத படை தானே உதிர்ந்துவிடும்.

இருந்தும் எதிர்த்து நின்றார்கள். தலைநகருக்கு மேற்கே உள்ள ஜஹ்ராவுக்கு அருகே குவைத்தின் 35-ஆவது கவசப் படைப்பிரிவு முப்பத்துச் சொச்சம் சீஃப்டன் டாங்கிகளோடு களமிறங்கியது. எதிர்ப்பே இருக்காது என்று சாலையில் வரிசைகட்டி வந்துகொண்டிருந்த ஈராக்கிய வண்டிகளின்மேல் சுட்டது. பாலங்களின் போர் என்று அதற்குப் பெயர். காலையில் தொடங்கிப் பிற்பகல்வரை நின்றார்கள். குண்டுகள் தீர்ந்துகொண்டே வந்தன, நிரப்ப ஆளில்லை. பிறகுதான் சவூதி எல்லையை நோக்கிப் பின்வாங்கினார்கள். தஸ்மான் அரண்மனை வாசலில், குவைத்தை ஆண்ட அமீரின் தம்பி ஷேக் ஃபகத் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு தோட்டாகூடச் சுடவில்லை என்று உங்கள் மாமா சொல்வது இவர்களைப் பற்றித்தான்.

அமீர் ஓடியது உண்மை. ஓடியதால்தான் அந்த நாடு பிழைத்தது என்பேன். படையெடுத்தவனுக்கு வேண்டியிருந்தது ஒரு கையெழுத்து. அமீரைப் பிடித்து உட்கார வைத்து, 'நானேதான் அழைத்தேன்' என்று ஒரு தாளில் ஒப்பமிட வைத்திருந்தால் உலகம் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்திருக்கும். சில மணி நேர இடைவெளியில் அவர் சவூதிக்குள் போய்விட்டார். தாயிஃப் நகரத்திலிருந்து அரசு இயங்கியது. வெளிநாடுகளில் இருந்த குவைத்தின் முதலீடுகள் ஈராக்கின் கைக்குப் போகவில்லை. சதாம் அமைத்த பொம்மை அரசு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வேறு வழியில்லாமல் குவைத்தை ஈராக்கோடு இணைத்துவிட்டதாக அறிவித்தார்.

நம் மதுரைக்கும் இது புதிதல்ல. 1311-இல் மாலிக் காபூர் வந்தபோது சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் அரியணைக்காகத் தங்களுக்குள் மோதிக்கொண்டிருந்தார்கள். கோட்டைக்குள் நுழைந்த தில்லிப் படை வெறும் நகரத்தைத்தான் கண்டது. கையில் அகப்பட்ட செல்வத்தையும் யானைகளையும் கொண்டுபோனார்கள். வீரபாண்டியனைக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. அவனைக் கோழை என்று நாம் சொல்வதில்லை.

போகட்டும், இதெல்லாம் அரசர்கள் கதை. உங்கள் பெரியப்பா போன்றவர்களுக்கு அந்த ஒரு நாள் ஒரு நாளோடு முடியவில்லை.

செல்லூரில் எங்கள் தெருவிலிருந்து ஒரு தையல்காரர் குவைத்துக்குப் போயிருந்தார். நான் அப்போது கல்லூரி மாணவன். ஆகஸ்ட் முழுவதும் இரவில் அவர் வீட்டுத் திண்ணையில் தெருவே உட்கார்ந்து பிபிசி தமிழோசை கேட்கும். கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை. செப்டம்பர் கடைசியில் ஒரு ரெக்சின் பையோடு வந்து சேர்ந்தார். குவைத்திலிருந்து பாஸ்ரா, பாக்தாத் வழியாக பஸ்ஸில் ஜோர்டான். எல்லையில் பாலைவனக் கூடாரம். அம்மானிலிருந்து விமானத்தில் பம்பாய். அப்படி ஏர் இந்தியா 59 நாட்களில் 488 முறை பறந்து, சுமார் 1,70,000 பேரைக் கொண்டுவந்து சேர்த்தது.

வந்த அன்று இரவு கால்சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்து, இடுப்புப் பட்டையைப் பிரிக்கச் சொன்னார். அந்த அம்மா பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தார். உள்ளே நீளவாக்கில் மடித்த பத்து தினார் நோட்டுகள். சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து அவரே வைத்துத் தைத்தவை. ஓரம் முழுக்க வரிசையாக ஊசித்துளைகள், வியர்வையில் மங்கிய நிறம். மறுநாள் வங்கியில் அவற்றைத் திருப்பித் தள்ளிவிட்டார்கள். குவைத் தினாரை முதலில் ஈராக் தினாருக்குச் சமம் என்றும், பிறகு செல்லவே செல்லாது என்றும் ஈராக் அறிவித்திருந்தது. நாடு மீண்ட பிறகு 1991 மார்ச்சில் குவைத் புதிய நோட்டுகளை வெளியிட்டது. ஆறு வருட உழைப்பு மீனாட்சியம்மன் படத்துக்குப் பின்னால் அப்படியே கிடந்தது.

பின்னாளில் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் அவரைப் போன்றவர்களுக்கு 2,500 முதல் 4,000 டாலர்வரை கொடுத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து பிடித்த பணம் அது. அரசுகள், நிறுவனங்கள், தனிமனிதர்கள் எல்லோருக்கும் சேர்த்து மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை 2022 ஜனவரியில்தான் தீர்ந்தது. ஒரே நாளில் நடந்ததன் கணக்கை முடிக்க முப்பத்தோரு வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பெரியப்பாவிடம் போரைப் பற்றிக் கேட்காதீர்கள். அன்று காலை எந்தத் தெருவில் இருந்தார், யார் யாரோடு அறையில் தங்கியிருந்தார், எந்த பஸ்ஸில் இடம் கிடைத்தது என்று கேளுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் நானும் வந்து உட்கார்ந்து கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. மேலூர் பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு எப்படி வர வேண்டும் என்று எழுதுங்கள்.

அன்புடன்