திருச்சபை இசை உதவித்தொகை: கச்சேரிப் பீஸ் மட்டும் போதுமா?

கேள்வி: என் மகள் பள்ளி இறுதியாண்டு படிக்கிறாள். எட்டு வருடமாகப் பியானோ கற்கிறாள். மூன்று வருடமாக ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிக்கிறாள். கல்லூரிப் படிப்புக்குத் திருச்சபை இசை உதவித்தொகை ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். 12 நிமிட வீடியோ, ஒரு பக்கக் கடிதம், இரண்டு பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். அதில் தேறினால் பைப் ஆர்கனில் (குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் தேவாலய வாத்தியம்) நேர்த்தேர்வு. ஐந்து மாதம் இருக்கிறது. கடினமான கச்சேரிப் பீஸ் ஒன்றை வைத்துக்கொண்டு இராப்பகலாக வாசிக்கிறாள். ஆர்கனைத் தொட்டதே இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் பீஸை விட்டுவிட வேண்டாம். ஆனால் பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்குக் கொடுக்காதீர்கள். இந்த உதவித்தொகையைக் கொடுப்பவர்களுக்கு வேண்டியது, சபையாரைப் பாட வைக்கத் தெரிந்த ஆள். வேகமான பீஸில் நாலைந்து நோட்டு தவறினால் கண்டுகொள்ள மாட்டார்கள். எளிய பாமாலைப் பாட்டில் (சபையார் சேர்ந்து பாடும் பாட்டு) இரண்டாம் சரணம் எடுக்கும் இடத்தில் தடுமாறினால் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்வார்கள்.

படிவத்தை நிரப்பும் முன் அறிவிப்பை இன்னொரு முறை படியுங்கள். இந்தப் பெயரில் இரண்டு வகை புழங்குகிறது. ஒன்று, படிப்புச் செலவுக்கான நிதி. ஆண்டுதோறும் மதிப்பெண்ணும் ஆசிரியரின் குறிப்பும் அனுப்பினால் போதும். மற்றது வேலையோடு வருவது: வாரத்துக்கு இத்தனை ஆராதனை, இத்தனை ஒத்திகை என்று கணக்கு இருக்கும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் ஆர்கன் ஸ்காலர் (ஆர்கன் வாசிப்பவர்), கோரல் ஸ்காலர் (பாடகர் குழுவில் பாடுபவர்) இடங்கள் இந்த இரண்டாம் வகை. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழுவில் சிறுவர்களோடு சேர்ந்து பாடும் பெரிய குரல்களும், ஆர்கன் வாசிக்கும் இருவரும் மாணவர்கள்தான். கல்லூரித் தவணை நாட்களில் ஏறக்குறைய தினமும் ஆராதனை உண்டு. அங்கே கிடைக்கும் பணம் கொஞ்சம், பழக்கம் அதிகம். இசையையே முதன்மைப் பாடமாக எடுக்க வேண்டும் என்பதும் எல்லா இடத்திலும் இல்லை. பின்னாளில் பிரிட்டன் பிரதமரான எட்வர்ட் ஹீத், ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரியில் ஆர்கன் ஸ்காலராக இருந்தவர். படித்தது தத்துவம், அரசியல், பொருளியல். ஒன்று மட்டும் கவனம்: ஆர்கன் இடத்துக்கான கெடுவும் படிப்புக்கான கெடுவும் ஒரே நாளாக இருக்க வேண்டியதில்லை. ஆர்கனுக்கு உரியது முன்னதாகவே முடிந்துவிடுவது உண்டு. இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

இனி பாமாலை வாசிப்பு. பியானோவிலிருந்து வருபவர்கள் சறுக்கும் இடங்கள் இதில் மூன்று.

முதலாவது, ஒரே நோட்டு அடுத்தடுத்து வருவது. பியானோவில் அடித்த ஒலி தானாகத் தேயும், அடுத்த அடி தனியாகக் கேட்கும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை ஒலி குறையாது. சேர்த்து வாசித்தால் இரண்டு நோட்டும் ஒரே நீண்ட நோட்டாகிவிடும், சபையாருக்குத் தாளம் புரியாது. அதனால் சொப்ரானோ வரியில் (நான்கு குரலில் மேல் குரல்) திரும்ப வரும் நோட்டைத் துண்டித்தே ஆக வேண்டும். ஓர் எண்ணிக்கை நோட்டு என்றால் அரை எண்ணிக்கை ஒலி, அரை எண்ணிக்கை இடைவெளி. நடுக்குரல்களான ஆல்டோவிலும் டெனரிலும் திரும்ப வருவதைக் கட்டி வாசிக்கலாம். அதுதான் பாட்டு துண்டு துண்டாகாமல் ஒட்டிப் பிடிக்கிறது. எல்லாக் குரலையும் ஒரே நேரத்தில் தூக்கினால் தந்தி அடிப்பது போல ஆகிவிடும்.

இரண்டாவது, சஸ்டெய்ன் பெடல், அதாவது ஒலியை நீட்டிக்கக் காலால் மிதிப்பது. பியானோவில் காலால் ஒட்டவைத்த இடைவெளிகள் எல்லாம் ஆர்கனில் அம்பலமாகும். ஒரு கட்டையை அழுத்தியபடியே அதில் விரலை மாற்றிக்கொள்ளும் பழக்கம் வர வேண்டும்: நாலாம் விரலால் பிடித்த நோட்டை ஒலி அறாமல் ஐந்தாம் விரலுக்கு மாற்றி, நாலாம் விரலை அடுத்த நோட்டுக்கு விடுவிப்பது. இதற்கு ஆர்கன் தேவையில்லை. வீட்டுக் கீபோர்டில் ஆர்கன் டோன் வைத்து, பெடலைக் கழற்றிவிட்டு, இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

மூன்றாவது, மூச்சு. வரி முடிவில் சபையார் மூச்சு வாங்குவார்கள். அந்த நேரத்தைக் கடைசி நோட்டிலிருந்து எடுக்க வேண்டும். கூடுதலாக ஓர் எண்ணிக்கை சேர்த்தால் தாளம் நொண்டும். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் கதை வேறு, அங்கே நேரம் சேர்க்கத்தான் வேண்டும், ஆனால் அளந்து. நான்கு எண்ணிக்கைப் பாட்டு, கடைசி நோட்டு மூன்று எண்ணிக்கை, அடுத்த சரணம் நாலாவது எண்ணிக்கையில் எடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியபடியே போனால் மூச்சுவிட இடமில்லை. ஒரு முழு அளவைச் சேர்த்து, கடைசி கார்டை (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்) ஐந்து எண்ணிக்கை பிடித்து, இரண்டு எண்ணிக்கை அமைதி விட்டு, எட்டாவதில் எடுக்கலாம். எத்தனை சரணம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறக் கூடாது. முதல் சரணத்துக்குப் பிறகு இரண்டு, அடுத்ததற்குப் பிறகு மூன்று என்று விட்டால் கூட்டத்தில் பாதிப் பேர் முந்துவார்கள், மீதிப் பேர் தயங்குவார்கள். பாடியபடியே வாசித்தால் பெரும்பாலும் இது தானாகச் சரியாகும். வாயைத் திறக்காமல் பயிற்சி செய்பவர்களுக்கு எத்தனை மாதமானாலும் சரியாவதில்லை.

பாட்டு தொடங்கும் முன் வாசிக்கும் முன்வாசிப்பும் அப்படியே. முதல் வரியும் கடைசி வரியும் போதும். பாடப்போகும் அதே வேகம். அதன் முடிவில் வேகத்தைக் குறைத்து இழுக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. சபையார் அந்த இழுவையையே பாட்டின் வேகமாக எடுத்துக்கொள்வார்கள்.

பாமாலையில் தலைப்போடு அச்சாகும் எண்களையும் மகள் படிக்கப் பழகட்டும். 8.6.8.6 என்றால் முதல் அடிக்கு எட்டு அசை, அடுத்ததற்கு ஆறு. எண்கள் ஒத்துப்போனால் ஒரு பாட்டின் வரிகளை வேறு ராகத்துக்குப் பொருத்திப் பாடலாம். ‘இந்த ராகம் சபைக்குத் தெரியாது, என்ன செய்வீர்கள்?’ என்று நேர்த்தேர்வில் கேட்டால் பதில் இதில்தான் இருக்கிறது. பொருத்தும்போது அசை எண்ணிக்கை மட்டும் ஒத்தால் போதாது, அழுத்தம் விழும் சொல்லும் ஒத்துவர வேண்டும். பாடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆர்கனுக்கு ஐந்து மாதம் குறைவுதான், ஆனால் போதும். பைப் ஆர்கன் கிடைக்காவிட்டால் காலால் வாசிக்கும் பெடல்கட்டை உள்ள எலெக்ட்ரானிக் ஆர்கனில் தொடங்குங்கள். வாரம் மூன்று முறை ஒரு மணி நேரம் கிடைத்தாலே நல்லது. பெடலில் பொதுவாக 30 அல்லது 32 கட்டைகள் இருக்கும். ரப்பர் அடி போட்ட ஸ்போர்ட்ஸ் ஷூ ஆகவே ஆகாது: அகலம் அதிகம், வழுக்காது, இரண்டு கட்டையைச் சேர்த்து மிதிக்கும். மெல்லிய தோல் அடியும் சிறிய குதிகாலும் உள்ள ஷூ வேண்டும். பெஞ்சு உயரத்தைச் சரிசெய்யாமல் உட்காரக் கூடாது. கால் கட்டைமேல் லேசாகப் படிய வேண்டும், தானாக அழுத்தக் கூடாது.

காலைவிடப் பெரிய தலைவலி இடது கை. பியானோ பழகிய இடது கை பேஸ் வரியை (மிகக் கீழான குரல்) விடாது. கால் அதை வாசிக்கும்போது கையும் கூடவே ஓடும். இதை உடைக்க ஒரு பயிற்சி: இடது கையால் டெனரை மட்டும் வாசித்துக்கொண்டு பேஸ் வரியை வாயால் பாடுவது. அது வந்த பிறகு டெனரும் பெடலும், அதன் பிறகே வலது கை. நாலையும் முதல் நாளே சேர்க்கப் பார்ப்பவர்கள்தான் ‘கால் வரவே மாட்டேன் என்கிறது’ என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்டாப்களில் (ஒலி வகையைத் தேர்ந்தெடுக்கும் குமிழ்கள்) 8 அடி என்றால் எழுதிய சுருதி, 4 அடி ஓர் எட்டு (ஆக்டேவ்) மேலே, 16 அடி ஓர் எட்டு கீழே. சபையார் பாட்டுக்கு, ஆர்கனின் அடிப்படை ஒலியான பிரின்சிபல் வகையில் 8, 4, 2. பெடலில் 16-ம் 8-ம் சேர்த்து. 16 மட்டும் இழுத்தால் பேஸ் மங்கலாக உறுமும், ராகம் பிடிபடாது. அமைதியான வரிகள் வரும் சரணத்தில் 2 அடியைத் தள்ளிவிடலாம். ஒலியை நடுங்க வைக்கும் டிரெமுலன்டைச் சபையார் பாட்டுக்குத் தொடவே வேண்டாம்.

ஆர்கனில் வாசிக்கும் தனிப் பீஸுக்கு ஒரு யோசனை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பெயரில் வழங்கும் எட்டுச் சிறு பிரெலூடு–ஃபியூகுகளில் (அவர் படைப்புகளின் பட்டியலான பி.டபிள்யூ.வி.யில் 553 முதல் 560 வரை) ஒன்று இந்தக் கால அளவுக்குள் கைவரும். அவை அவர் எழுதியவைதானா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு, அது தேர்வைப் பாதிக்காது. கூடவே அவருடைய ‘ஆர்கெல்பூக்லைன்’ தொகுப்பிலிருந்து அதே பட்டியலில் 639: மூன்றே குரல், மெதுவான நடை, பெடல் சீராக நடந்துபோகும். ஆர்கன் கற்பவருக்குப் பெடல் பழக்கமும் வர வேண்டும் என்று அந்தத் தொகுப்பின் முகப்பிலேயே பாக் எழுதியிருக்கிறார்.

நேர்த்தேர்வில் வாசிப்பு ஒரு பகுதிதான். சைட் ரீடிங் (முன்பின் பார்க்காத நோட்டைப் பார்த்ததும் வாசிப்பது), ஒரு பாமாலையை ஒரு டோன் மேலேயோ கீழேயோ மாற்றி வாசிப்பது, நான்கு குரல் தனித்தனி வரியில் எழுதிய தாளைப் படித்து வாசிப்பது ஆகியவை வரலாம். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை நம்பி வளர்ந்தவர்களுக்கு இங்கேதான் கை நடுங்கும். தினமும் ஒரு பாட்டு. முதலில் சொப்ரானோவும் பேஸும் மட்டும் மாற்றி வாசிக்கட்டும், நடுக்குரல்கள் பிறகு. நான்கு வரித் தாளில் டெனர் வரி ஜி கிளெஃபில் (வரியின் தொடக்கத்தில் சுருதியைக் காட்டும் குறி) எழுதப்பட்டு, அதன் கீழே 8 என்று இருந்தால் ஓர் எட்டு கீழே வாசிக்க வேண்டும். கவனிக்காவிட்டால் டெனர் ஆல்டோவுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பாடகர் குழுவைப் பத்து நிமிடம் பயிற்றுவிக்கச் சொல்வதும் உண்டு. பேச்சைக் குறைக்க வேண்டும். தொடக்க நோட்டு கொடு, ஒருமுறை முழுதாகப் பாடவை, கேட்டதில் மிக மோசமான ஒன்றை மட்டும் எடு, திருத்து, மறுபடி பாடவை. பத்துக் குறையையும் வரிசையாகச் சொல்லி ஒன்றையும் திருத்தாமல் முடிப்பதுதான் வழக்கமான தோல்வி.

எதைப் படிப்பது என்று குழப்பம் வந்தால், அமெரிக்க ஆர்கனிஸ்ட்கள் சங்கம், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் இரண்டின் தொடக்க நிலைத் தேர்வுப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். தேர்வுக்கு உட்காராவிட்டாலும் பயிற்சிப் பட்டியலாக உதவும்.

வீடியோவுக்கு வருவோம். 12 நிமிடத்தில் தனிப் பீஸ் ஐந்து, மாறுபட்ட குணமுள்ள இன்னொன்று மூன்று, மூன்று சரணப் பாமாலை நாலு. பாமாலைக்கு நாலைந்து பேரையாவது நிறுத்திப் பாடவையுங்கள். தனியாக வாசித்த பாமாலையைக் கேட்டு யாராலும் எதையும் எடைபோட முடியாது. ஒவ்வொன்றும் வெட்டு ஒட்டு இல்லாத ஒரே டேக்காக இருக்கட்டும், கையும் முகமும் தெரியும் கோணத்தில். கீபோர்டின் தானியங்கித் தாளத்தை அணைத்துவிடுங்கள். போனை வாத்தியத்தின் மேலேயே வைத்தால் கட்டைச் சத்தம்தான் பதிவாகும், நாலைந்து மீட்டர் தள்ளி வையுங்கள். ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் நிறுத்துங்கள். அது உரத்த சரணத்தையும் மெல்லிய சரணத்தையும் ஒரே மட்டமாக்கிவிடும். பதிவைக் கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே முடித்து, லிங்கை வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். ‘அனுமதி இல்லை’ என்று காட்டும் லிங்க் அனுப்பித் தோற்பவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

கடிதத்தில் ‘இசையே என் மூச்சு’ வகை வாக்கியங்கள் வேண்டாம். மாதம் எத்தனை ஆராதனைக்கு வாசிக்கிறாள், பாடகர் குழுவில் எத்தனை பேர், பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் யார், எதைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தாள், எது இன்னும் வரவில்லை, அதை எங்கே கற்க நினைக்கிறாள் — இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். பணத்தேவையைக் காட்டச் சொன்னால் கல்லூரிக் கட்டணம், ஆர்கன் வகுப்பு, பயிற்சிக்கான வாடகை, நோட்டுப் புத்தகங்கள், தேர்வுக் கட்டணம் என்று தனித்தனியாக எழுதி, வேறு எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்பதையும் காட்டி, மீதியை மட்டும் கேளுங்கள்.

பரிந்துரை ஒன்று இசை ஆசிரியரிடம், மற்றது போதகரிடம். ‘நல்லொழுக்கமுள்ள பிள்ளை’ என்று நாலு வரி எழுதிக் கொடுக்கும் போதகர்கள் அதிகம். அவர்கள் மேல் குற்றமில்லை, யாரும் விவரம் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு மாதம் முன்பே கேட்டு, அவள் செய்த வேலைகளை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நேரத்துக்கு வருகிறாளா, கடைசி நேரத்தில் பாட்டு மாறினால் சமாளிக்கிறாளா என்பதைத்தான் தேர்வுக்குழு போதகரிடமிருந்து தெரிந்துகொள்ளப் பார்க்கிறது.

கிடைத்துவிட்டால், ‘சரி’ சொல்லும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வாரம் எத்தனை மணி நேரம், கிறிஸ்துமஸுக்கும் பரிசுத்த வாரத்துக்கும் விடுமுறையில் வீட்டுக்கு வர முடியுமா, தொகை கல்லூரிக்குப் போகிறதா, கைக்கு வருகிறதா, அடுத்த ஆண்டு தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும், வேறு சபையில் சம்பளத்துக்கு வாசிக்கலாமா, படிப்பின் நடுவில் பொறுப்பை விட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டுமா. வெளிநாட்டுக் கல்லூரி என்றால் வாசிப்புக்குத் தரும் பணம் விசா விதியில் ‘வேலை’ ஆகுமா என்பதைக் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் கேளுங்கள். உதவித்தொகை தரும் சபையின் வாய்மொழி உறுதியை வைத்து இதில் முடிவெடுக்காதீர்கள்.